ஐந்து கோவில் மணி ஒலிக்கும் ஊர்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சபைகளுக்கிடையேயும் சபைக்குள்ளேயும் உள்ள ஐக்கியத்தைப் பற்றியவை. அவற்றுள் ஆறினை எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை வழக்கம்போல வெளியிடவில்லை.

எங்கள் ஊரில் ஐந்து சபைகள் இருக்கின்றன. பெரிய வெள்ளியன்று மட்டும் ஐந்தும் சேர்ந்து ஏழு வார்த்தைத் தியானம் நடத்துகிறோம். மறுநாள் முதல் அவரவர் மணி, அவரவர் ஒலிபெருக்கி. எல்லாரும் ஒரே சபையாக இணைந்தால்தான் ஐக்கியம் என்று சொல்ல முடியுமா?
— வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

எபேசியருக்கு எழுதும்போது பவுல், ஆவியின் ஒருமையை உண்டாக்குங்கள் என்று சொல்லவில்லை. அதைக் 'காத்துக்கொள்வதற்கு ஜாக்கிரதையாயிருங்கள்' என்கிறார். ஒருமை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது, நம் கையில் இருப்பது காவல் வேலை மட்டுமே என்பது அதன் பொருள். காவல் வேலை ஆண்டுக்கு ஒருநாள் செய்கிற வேலையன்று என்பதை வயலுக்குக் காவல் போன எவரும் சொல்வார்கள். ஆகவே உங்கள் பெரிய வெள்ளி ஆராதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். மற்ற 364 நாட்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

அமைப்பாக இணைவது பற்றிக் கேட்டீர்கள். இதில் நம் மண்ணுக்கென்று ஓர் அனுபவம் உண்டு. 1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். அவர்களில் முன்நின்றவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) முதல் இந்தியப் பேராயர் என்ற பெயர் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா. நாம் உண்டாக்காத, நாம் நீடிக்க விரும்பாத பிரிவினைகள் வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டிருக்கின்றன என்ற கருத்துப்பட அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த பழைய வழக்குகளுக்கு நாசரேத்திலும் மதுரையிலும் ஏன் தனித்தனிக் கோவில் கட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

கேள்வி எளிது, பதிலுக்கு 28 ஆண்டுகள் ஆயின. பேராயர் இல்லாமல் இயங்கிய பிரெஸ்பிட்டேரியரும் (மூப்பர் குழு ஆளும் சபையார்) காங்கிரிகேஷனலிஸ்டுகளும் (ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும் மரபினர்) 1908இலேயே இணைந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையோடு ஆங்கிலிக்கன் திருச்சபை பேசத் தொடங்கியது. 1925இல் மெதடிஸ்டுகள் சேர்ந்துகொண்டார்கள். வேதாகமம், பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரு சடங்குகள் ஆகியவற்றில் பெரிய தகராறில்லை. பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத ஒரு போதகர் திருவிருந்து பரிமாறலாமா என்ற இடத்தில்தான் வண்டி சகதியில் இறங்கியது. கடைசியில் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஏற்கெனவே ஊழியத்திலிருந்த எவருக்கும் மறுபடி அபிஷேகம் வேண்டாம். புதிதாக வருவோர் அனைவருக்கும் பேராயரே அபிஷேகம் செய்வார். எந்தச் சபையின் மனச்சாட்சிக்கும் ஒவ்வாத ஊழியரை அதன்மேல் திணிப்பதில்லை என்ற வாக்குறுதியோடு 30 ஆண்டுகள் பொறுத்திருப்போம். ஒருவர் மற்றவரைத் தோற்கடிக்காமல், காலம் செய்யட்டும் என்று விட்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. யாழ்ப்பாணமும் அதில் ஒரு திருமண்டலமாக இணைந்தது. ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியராக வந்த லெஸ்லி நியூபிகின் மதுரை–இராமநாதபுரம் பேராயரானார். அசரியா அந்த நாளைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதியே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கன் சபைகள் பல அன்று இணைய மறுத்து வெளியே நின்றன. முதல் கூட்டம் நடந்த தரங்கம்பாடி எந்த லுத்தரன் மரபுக்குத் தாய்வீடோ அந்த லுத்தரன் திருச்சபை இன்றளவும் தனியாகவே இருக்கிறது. இணைந்த சபைக்குள்ளோ, கமிட்டித் தேர்தல் வந்தால் ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அமைப்பு ஒன்றானால் மனமும் ஒன்றாகிவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்பதை வரலாறும் சொல்கிறது, நம் தெருவும் சொல்கிறது.

ஆகவே உங்கள் ஐந்து சபைகளும் இணைய வேண்டுமென்று நான் காத்திருக்கச் சொல்லமாட்டேன். ஒரு சபையில் மரணம் நேர்ந்தால் மற்ற நான்கு சபைகளின் போதகர்களும் அந்த வீட்டுக்குப் போகிறார்களா? ஒரு சபைக் கூரை மழையில் ஒழுகினால் அடுத்த சபை தன் மண்டபத்தைத் திறந்து தருகிறதா? ஒலிபெருக்கியின் நேரத்தையாவது ஐவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டீர்களா? கடைசிக் கேள்வியை விளையாட்டாகக் கேட்கவில்லை. காலை ஐந்து மணிக்கு ஒருவர் பாட்டின்மேல் ஒருவர் பாட்டைப் போடுகிற ஊரில், நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் அயலார் ஐக்கியத்தைப் பற்றி நம்மிடம் கேட்க வரமாட்டார்கள்.

எங்கள் தெருவில் வாரந்தோறும் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறது. என் மகன் குடிப்பழக்கத்தில் விழுந்ததை மிகுந்த வேதனையோடு ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் காய்கறிக் கடைவரை அது போய்விட்டது. இனி ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

சகோதரி, முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அது என்னுடையது. நான் இளம் ஊழியனாக ஒரு கிராமச் சேகரத்தில் இருந்தபோது, ஒரு தாய் மாலை ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின் தூணோரம் நின்று, தன் மகள் புகுந்தவீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டதைச் சொல்லி அழுதார். அடுத்த ஞாயிறு பரிந்துபேசும் ஜெபத்தில் நான், 'கணவனைப் பிரிந்து வந்திருக்கும் எங்கள் மகளை நினைத்தருளும்' என்றேன். பெயரைச் சொல்லவில்லையே என்று எனக்குள் திருப்தி வேறு. அறுபது வீடுகள் உள்ள சபையில் பெயர் எதற்கு? ஜெபம் முடிந்து கண் திறந்தபோது அந்தப் பெண் இருந்த இடம் காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கோபமில்லாமல் சொன்னார்: "ஐயா, ஆண்டவருக்குத் தெரியாததையா சொன்னீங்க? தெரியாதவங்களுக்குத்தானே சொன்னீங்க."

அன்று முதல் ஜெபக்குறிப்புகளைக் கையாளும்போது எனக்கு அந்தக் குரல் கேட்கும். உங்கள் குழுவில் நடந்ததும் இதுதான். வேண்டுமென்றே புறங்கூறியவர்கள் ஓரிருவர் இருக்கலாம். மற்றவர்கள் 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்ற முன்னுரையோடு மெய்யான பாரத்தோடேயே அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். நம் சபைகளில் புறங்கூறுதல் பெரும்பாலும் முழங்காலில் நின்றுகொண்டுதான் நடக்கிறது.

சொல்லாமல் இருந்துவிடாதீர்கள், சொல்லும் இடத்தை மாற்றுங்கள். 'உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு' என்று யாக்கோபு எழுதியதை எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று நாம் வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் வயதையொத்த, தன் வீட்டிலும் கண்ணீர் பார்த்த, நீங்கள் சொன்ன வேறொரு சின்ன விஷயத்தை முன்பு காப்பாற்றிக் காட்டிய இருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். குழுவுக்கு, 'வீட்டில் ஒரு பாரம் இருக்கிறது' என்று சொன்னால் போதும். குழுத் தலைவரிடம் நேரில் போய், கேட்டது வாசல் தாண்டக்கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லும்படி கேளுங்கள். அவர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

உங்கள் மகனைப் பற்றி ஒரு வார்த்தை. குடி நோயாக முற்றியவர்களுக்கு ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும். திடீரென்று நிறுத்துவதே சிலருக்கு ஆபத்தாகும் என்பதால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ('பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்') என்ற கூட்டுறவு நம் மாநிலத்திலும் பல ஊர்களில் கூடுகிறது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டங்களும் உண்டு. அங்கே ஒருவர் பெயரையும் கதையையும் மற்றவர் வெளியே சொல்வதில்லை. அந்தக் கட்டுப்பாடு அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. அக்கூட்டங்களில் சில நம் சபை மண்டபங்களிலேயே நடக்கின்றன. வாரநாளில் அந்நியர் காப்பாற்றுகிற இரகசியத்தை அதே கூரையின் கீழ் ஞாயிற்றுக்கிழமை விசுவாசிகள் காப்பாற்ற முடியாமற் போவது நம்மை உறுத்த வேண்டும்.

கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்று 2ஆம் வசனமும், 'அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே' என்று 5ஆம் வசனமும் சொல்கின்றன. எங்கள் சபையில் ஒரு குடும்பம் மாதந்தோறும் பண உதவி கேட்கிறது. எந்த வசனத்தைப் பின்பற்றுவது?
— சபைப் பொருளாளர் ஒருவர், வேலூர்

தமிழில் இரண்டுக்கும் 'பாரம்' என்று ஒரே சொல் வந்துவிட்டதால் முரண்பாடு போலத் தோன்றுகிறது. கிரேக்கத்தில் முதலாவது 'பாரோஸ்', அழுத்தி நசுக்குகிற சுமை. இரண்டாவது 'ஃபோர்தியோன்', பயணக்காரன் தன் தோளில் கொண்டுபோகும் மூட்டை. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் புத்தகப்பையை நாம் சுமந்துகொண்டே போனால் பிள்ளை வளராது. அதே பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் பிள்ளையையே தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, வரவு என்ன, கடன் என்ன, வட்டி எவ்வளவு என்று அவர்களோடு சேர்ந்தே ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் மாதச் செலவுக்குப் பின்னால் கந்துவட்டிக் கடனோ, சொல்லத் தயங்கும் நோயோ மறைந்திருக்கும். அதுதான் பாரோஸ். அதை அடைக்காமல் மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருப்பது இரு தரப்பாரையும் களைப்பாக்கும். இன்னொன்று: உதவியை ஆராதனை முடிந்து வாசலில் நின்று, பலர் பார்க்கக் கையில் திணிக்காதீர்கள்.

சென்னையில் வேலை பார்க்கிறேன். ஆயிரக்கணக்கானோர் கூடும் ஒரு சபைக்கு இரண்டு ஆண்டுகளாகப் போகிறேன். டெங்குக் காய்ச்சலில் பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தபோது சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை; அறையில் உடன் தங்கியிருக்கும் இஸ்லாமிய நண்பர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். இனி எதற்குச் சபைக்குப் போக வேண்டும்?
— வாசகர், வேளச்சேரி

தம்பி, முதலில் அந்த நண்பருக்காகக் கர்த்தரைத் துதியுங்கள். நல்ல சமாரியன் உவமையை இயேசு சொன்னது, ஆசாரியனும் லேவியனும் விலகிப்போன பாதையை மனதில் வைத்துத்தான். உங்கள் வருத்தம் நியாயமானது. அதை அவிசுவாசம் என்று யாரும் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆதிச்சபையிலும் இதே முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில் தங்கள் விதவைகள் விடப்பட்டுப்போனார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். கூட்டம் பெருகியது; அதனால்தான் விடுபட்டுப்போனார்கள். அப்போஸ்தலர் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்திவிசாரணையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இதைவிடத் துணிவான நிர்வாக முடிவை நான் எந்தக் கமிட்டியிலும் கண்டதில்லை.

ஆகவே உங்கள் போதகருக்கு இதே கடிதத்தை எழுதுங்கள். எழுதும்போது, வேளச்சேரிப் பகுதியில் தனியாகத் தங்கியிருக்கும் இளைஞர்களின் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதவர்களுக்குத் திங்கட்கிழமை மாலை ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். உங்கள் பகுதியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் வீட்டுக் குழு இருந்தால் அதில் சேருங்கள். இல்லையென்றால் உங்கள் அறையிலேயே தொடங்குங்கள். ஆயிரம் பேருக்கு முன்னால் கைதட்டிப் பாடுவதைக் கண்டு நான் முகம் சுளிக்கவில்லை. ஆனால் யாருடைய வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாத கூட்டத்தைச் சபை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மேலே சொன்ன அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, உங்கள் பொருளையும் உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் கடிதமும் சிலருக்குப் பிடிக்காமற் போகலாம், எழுதுங்கள்.

என் மகளும் எங்கள் சபையிலேயே உள்ள ஓர் இளைஞனும் மணம் செய்ய விரும்புகிறார்கள். சாதி வேறு என்பதால் இரு வீட்டாரும், சபை மூப்பர் சிலரும்கூட எதிர்க்கிறார்கள். 'கர்த்தருக்குள் ஒன்று, உறவில் வேறு' என்கிறார்கள். இது சரியா?
— வாசகி, திருச்சி மாவட்டம்

சரியில்லை. இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை; ஆனாலும் மூப்பர்களுக்குக் காட்டும்படி இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபைக்குள் உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்கு மடல் எழுதினார். அதை வாசித்துக் கேட்டு எழுந்து வெளியே போனவர்களும் உண்டு. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயம் ஒரே பீடத்தை நோக்கிய இரண்டு சிறகுகளாக 1872இல் கட்டப்பட்டது. இரு சாதியாரும் ஒருவரையொருவர் பாராமல் திருப்பலி காண நடுவே சுவர் இருந்தது. அந்தச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம்வரை போனது. செங்கல் சுவர் போய் நூறாண்டு கடந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்திலும் திருமண ஓலையிலும் அது நிற்கிறது.

கொரிந்து சபையில் பணமுள்ளவர்கள் முன்னே வந்து சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு திருவிருந்துக்கு நின்றார்கள். அதைப் பவுல் பந்தி ஒழுங்குச் சிக்கலாகப் பார்க்கவில்லை; கர்த்தருடைய சரீரத்தை நிதானித்து அறியாத பாவம் என்றார். ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணி, சம்பந்தம் பேசும்போது மட்டும் விலகுகிறவர்களுக்கும் அந்த அதிகாரம் பொருந்தும். அம்மா, எதிர்ப்பு பெரிதானால் பிள்ளைகள் தனியாகிவிடாதபடி நீங்கள் உடன் நில்லுங்கள்; சபைக்குள்ளேயே உங்களோடு நிற்கக்கூடிய இரண்டு குடும்பங்களை இப்போதே தேடிக்கொள்ளுங்கள். உங்கள் குருவானவரிடம் நேராகப் போய், திருமண அறிவிப்பு ஓலையை ஆராதனையில் வாசிக்க அவர் ஆயத்தமா என்று கேளுங்கள். ஆயத்தமில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பலர் மனம் மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாருக்காக எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் இரண்டு மூத்த சகோதரிகள் வார்த்தை தடித்துப் பேசிக்கொண்டார்கள். எட்டு மாதமாக ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. நான் யாருக்காகப் பேசுவது?
— வாசகி, நாகர்கோவில்

பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இருவர் வருகிறார்கள். இருவரும் சுவிசேஷத்தில் பவுலோடு போராடி உழைத்தவர்கள் என்று அவரே நற்சாட்சி கொடுக்கிறார். ஆகவே ஊழியம் செய்கிறவர்களுக்குள் சண்டை வந்தால் நாம் ஆச்சரியப்பட வேண்டாம். பவுல் யார் பக்கம் நியாயம் என்று எழுதவில்லை. 'புத்திசொல்லுகிறேன்' என்ற சொல்லை இருவருக்கும் தனித்தனியே ஒருமுறை எழுதுகிறார்; ஒருத்திக்குக் கூட்டியும் மற்றவளுக்குக் குறைத்தும் எழுதவில்லை. பிறகு பெயர் சொல்லாத மூன்றாவது ஆள் ஒருவரை, 'என் உத்தம கூட்டாளியே' என்று அழைத்து, அவர்களுக்கு உதவியாயிரு என்கிறார்.

அந்த மூன்றாவது ஆள் நீங்கள்தான். யாருக்காகவும் பேச வேண்டாம். இருவர் வீட்டுக்கும் தனித்தனியே போங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாதீர்கள், நல்லதாக இருந்தாலும் சொல்லாதீர்கள். எட்டு மாதத்துக்குப் பின் வாழைத்தாரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அதற்கு முன் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த ஏதோவொன்று வெளியே வரும். அது வரும்வரை கேட்டுக்கொண்டிருங்கள். பிறகு, அடுத்த அசன வேலைக்கு வெங்காயம் உரிக்க இருவரையும் ஒரே நாள் காலையில் கூப்பிடுங்கள். இன்னார் வருகிறார் என்பதை இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள்.